வெகுளியும் தறுகணும்

மனிதன் மனிதனை ஏன் தாக்குகின்றான் என்னும் வினா பழமையானது. சமயங்களும் தத்துவங்களும் தத்தம் போக்கில் அதற்கு விடை பகர்ந்துள்ளன. கடந்த நூறாண்டுகளில் அவ்விடையைக் கூறும் உரிமையை உயிரியல் தனதாக்கிக்கொள்ள முனைந்து நிற்கின்றது. மனிதன் கூர்ப்பின் வழி வந்த விலங்கு. அவனுடைய மூதாதையருள் தாக்க வல்லவரே எஞ்சினர். எஞ்சியவரின் மக்களே நாம். ஆதலின் தாக்கும் இயல்பு நம் குருதியில் உறைந்துள்ளது என்பது அதன் சுருக்கம். (தமிழகத்தார் பரிணாமம் என வழங்குவதையே ஈழத்துப் பாடநூல்கள் கூர்ப்பு என்கின்றன, யான் நம் வழக்கையே கொள்கின்றேன்.)

இக்கருத்து நூல்களோடு நின்றிருக்குமாயின், அதனை ஆய்ந்து முடிவு கூறும் பணியை உயிரியலார்க்கே விட்டு யான் ஒதுங்கியிருப்பேன். சென்ற ஆண்டு வகுப்பிற் புறநானூற்றுப் பாடலொன்றை விளக்கிக்கொண்டிருந்த வேளை, மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், சண்டை எங்கட இரத்தத்திலேயே இருக்குத்தானே? அதை ஒருத்தராலும் மாற்ற ஏலாது" என்றான். அவன் அதைத் துயரத்தோடு கூறவில்லை. வாய்பாடு ஒப்புவிப்பவன் போலக் கூறினான். திருகோணமலையில் வளர்ந்த பிள்ளையொருவன் வாயிலிருந்து அச்சொல் வரும்போது அதனை வெறும் உயிரியற் செய்தியாகக் கொள்ள என்னால் இயலவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தில், நடந்தவை யாவும் இரத்தத்தின் செயல் எனின், எவரிடத்தும் எதற்கும் கணக்குக் கேட்க வழியில்லாது போகும். ஆகவே அக்கொள்கையை அதன் நூல்களிற் சென்று பார்க்க விழைந்தேன்.

அதன் முதல் வடிவம் எலும்புகளிலிருந்து எழுந்தது. தென்னாபிரிக்காவின் உடற்கூற்றியற் பேராசிரியர் றேமண்ட் டாட், தொன்மையான மனிதக் குரங்கினத்தின் எச்சங்களோடு கிடந்த உடைந்த எலும்புகளை ஆயுதங்கள் எனக் கொண்டார். கொன்று தின்னும் குரங்கே மனிதனாயிற்று என 1953இல் எழுதினார். நாடகாசிரியரான றொபேட் ஆட்றி 1961இல் வெளியிட்ட ‘ஆபிரிக்க ஆதியாகமம்’ என்னும் நூல் அக்கருத்தை ஊரெங்கும் பரப்பிற்று. பின்னர் அதே நாட்டுக் குகைகளின் எலும்புகளைப் பல்லாண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்த பிறெயின் என்பார், 1981இல் வெளியிட்ட நூலில், அவற்றுட் பெரும்பாலானவற்றை உடைத்தவை சிறுத்தை, கழுதைப்புலி முதலிய விலங்குகளே எனக் காட்டினார். ஒரு மண்டையோட்டில் இருந்த இரு துளைகள் சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்களுக்குப் பொருந்தின. வேட்டுவன் எனக் கருதப்பட்டவன் வேட்டைப் பொருளாய் இருந்திருக்கின்றான். ஆயினும் ஆட்றியைப் படித்தோர் தொகைக்குப் பிறெயினைப் படித்தோர் தொகை ஈடாகும் என யான் நம்பவில்லை. பிழை விரைந்து பரவும். திருத்தம் நடந்தே வரும்.

இரண்டாம் வடிவத்தைத் தந்தவர் ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ். அவருடைய நூல் 1963இல் ஜெர்மன் மொழியிலும் 1966இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கொதிகலத்துள் நீராவி திரள்வது போலத் தாக்கும் உந்தல் உள்ளே திரண்டுகொண்டே இருக்கும். வடிகால் இன்றேல் தானே வெடிக்கும் என்பது அவர் கருத்து. அவர் 1938இல் நாட்சிக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதைச் சுட்டி அவர் கொள்கையைத் தள்ளுவோர் உளர். அது முறையன்று. ஒருவர் சேர்ந்த கட்சி அவர் கூற்றைப் பொய்யாக்காது, சான்றே பொய்யாக்கும்.

அச்சான்று நமக்கு அயலிலேயே உண்டு. பொலன்னறுவையிற் செங்குரங்குகளை 1968 முதல் வுல்ஃப்காங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்து வந்துள்ளார். ஒவ்வொரு குரங்கின் பிறப்பும் உறவும் இறப்பும் பதியப்பட்ட அரிய ஆய்வு அது. அக்கூட்டங்களில் உரப்பலும் பல்லிளிப்பும் நாள்தோறும் நிகழ்வன. ஆயினும் அவற்றின் பெரும்பயன் கடித்துக் கொல்வதிலில்லை. உயர்நிலைக் குரங்கு உரப்பும். தாழ்நிலைக் குரங்கு கனிமரத்தை விட்டு இறங்கும். இறங்கியது நாள்தோறும் சற்றே குறைவாக உண்ணும். உணவு அருகும் காலத்தில் இளங்குரங்குகளும் தாழ்நிலையினவும் முதலில் மடியும். உரப்பலின் அளவை நிறுவுவன உணவும் வரிசையும். திரண்டு வெடிக்கும் நீராவி எதையும் ஆங்குக் காண்கிலேம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் முன் ஒருநாள் நின்றவர்க்கு இது விளங்கும் என்பது என் எண்ணம்.

இனி, குரங்கை விட்டு மனிதரிடம் வருவோர் பெரும்பாலும் வேட்டையாடி வாழும் மக்களைச் சான்றுக்கு அழைப்பர். நம் தீவின் வேடர் அவ்வழைப்பிற் பலமுறை பெயர் சொல்லப்பட்டவர். மூதூரிலும் வெருகற் பக்கத்திலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் நமக்கு நூலிற் கண்ட மக்களல்லர். அவர்தம் பிள்ளைகள் நம் பாடசாலைகளிற் கற்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் பெருநூல், ஒவ்வொரு வேடக் குடும்பமும் தனக்கெனக் காட்டெல்லை உடையதாயிருந்ததைக் குறிக்கின்றது. எல்லை என்றவுடன் போர் என்று முடிக்கும் ஆட்றியின் வழி வந்தோர் இவ்விடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவர். அடுத்துள்ள செய்தியே சுவையானது: உடன்பிறந்தானது காட்டிலும் இசைவின்றி வேட்டையாடார், துரத்திய விலங்கு பிறனெல்லையுட் புகுந்து வீழுமாயின் எல்லைக்குரியவனுக்கு இறைச்சியில் ஒரு பங்கு சேரும். எல்லை ஆங்கே பூசலுக்கு முன்னர்ப் பங்கீட்டை விளைத்திருக்கின்றது. டக்ளஸ் ஃப்றை, சோடர்பேக் என்னும் இருவர் 2013இல், வேடர் உட்பட இடம்பெயர்ந்து வாழும் 21 வேட்டைச் சமூகங்களைப் பற்றிய பதிவுகளிலிருந்து 148 கொலைகளைத் திரட்டினர். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை தனியொருவன் செய்தவை. ஏறத்தாழப் பாதி, வட அவுஸ்திரேலியாவின் திவி என்னும் ஒரே சமூகத்துக்குரியவை. காதற்பூசலும் குடும்பப் பகையும் கொலையிலே முடிந்தமை உண்மை. ஊர் திரண்டு ஊரின் மேற் சென்றமை அரிது. இவர்கள் சாந்தசொரூபிகள் என்று யான் கூற வரவில்லை. கொலை செய்யத் தெரிந்தவனெல்லாம் போர் செய்யத் தெரிந்தவனல்லன் என்பதே ஈண்டு வேண்டுவது.

கூர்ப்பாளரின் மிக வலிய சான்று தார்வாரிலிருந்து வந்தது. கருநாடகத்தின் அவ்வூர்க் காட்டில் 1960களின் தொடக்கத்தில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் சுகியாமா, புதிய கடுவன் ஒன்று கூட்டத்தைக் கைப்பற்றியதும் பழைய தலைவனுக்குப் பிறந்த குட்டிகளைக் கடித்துக் கொன்றதைக் கண்டு எழுதினார். முதலில் அதனை நெரிசலால் விளைந்த பிறழ்வு என்றனர். இராசத்தானத்து அபு மலையில் ஆய்ந்த சாறா ஹேடி 1977இல் வேறு விளக்கம் தந்தார். குட்டியை இழந்த தாய் விரைவிற் கருவுறற்கு ஆயத்தமாகும். மாற்றான் வித்து அழியும், தன் வித்துத் தழைக்கும். கொன்ற கடுவனுக்கு அதனால் ஆதாயம். கொடிய விளக்கமே. ஆயினும் பின்வந்த ஆய்வுகள் பல அதனை உறுதி செய்துள்ளன. யானும் அதனை ஏற்கின்றேன்.

இதைப் படித்தபோது புறநானூற்றின் 46ஆம் பாட்டு என் நினைவில் எழுந்தது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடுவிக்க முனைந்தான். மாற்றானின் மக்களைக் கொல்லுதல் என்ற அளவில் தார்வார்க் கடுவனுக்கும் சோழ வேந்தனுக்கும் இடையே வேற்றுமையில்லை. கூர்ப்பாளர் ஒருவர் இதனைப் பார்த்திருப்பின் மகிழ்ந்திருப்பார். ஆனால் அவ்விடத்திற் கோவூர் கிழார் நிற்கின்றார். வேந்தனை நோக்கி, ஒரு புறாவின் துயர் துடைத்தவன் வழியில் நீ வந்தாய் என்கின்றார். பிள்ளைகளைச் சுட்டி, இவர்கள் புலவரின் வறுமை கண்டு பொறாது தம் உணவைப் பகுத்துண்டவர் வழியினர் என்கின்றார். முன்னர்க் களிற்றைக் கண்டு அழுத அச்சிறுவர் இப்போது அழுகையை மறந்து, மன்றில் நிற்கும் முகங்களை மருண்டு பார்க்கின்றனர். இதற்கு முன் அறிந்திராத துன்பம் அவர்க்கு வந்துவிட்டது என்கின்றார். இறுதியில் அவர் வேந்தனைக் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டேன், கேட்டபின் உன் விருப்பம் போலச் செய் என்று முடிக்கின்றார். பிள்ளைகள் பிழைத்தனர் எனப் பாட்டின் கீழுள்ள குறிப்புக் கூறுகின்றது.

புலவர் வழி என்று பேசுவது நோக்கத்தக்கது. குருதிவழியே அவர்க்கும் கருவி. ஆயின் அக்குருதிவழி சுமந்து வந்ததாக அவர் காட்டுவது பல்லையும் நகத்தையும் அன்று. ஒரு புறாவின் கதையை. கூர்ப்பாளர் இதற்கும் மறுமொழி கூறுவர்: இரக்கமும் கூர்ப்பின் பேறே என்பர். அது மெய். அதே ஹேடி அம்மையார் 2009இல் எழுதிய நூலில், அறிமுகமற்ற நூற்றுக்கணக்கானோர் ஒரு விமானத்துள் நெருங்கியிருந்தும் ஒருவரையொருவர் கடியாது இறங்கிச் செல்லும் அதிசயத்தை எடுத்து, பிறர் பிள்ளையையும் கூடி வளர்த்தமையே மனிதனை இவ்வாறு ஆக்கிற்று என்றார். அவ்வாறாயின், கொல்லுதலும் கூர்ப்பு, கொல்லாது விடுதலும் கூர்ப்பு என்றாகும். இரண்டையும் ஒருசேர விளக்குவது, அன்று அம்மன்றில் ஏன் இது நிகழ்ந்து அது நிகழாதொழிந்தது என்பதை விளக்கமாட்டாது. அதனை அறியக் கோவூர் கிழாரிடமே செல்லல் வேண்டும்.

இவ்விடத்திற் தொல்காப்பியம் ஒரு நல்ல பிரிப்பைத் தருகின்றது. (எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டு என்று கூறும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடலாகாது. அந்நூலில் உயிரியல் இல்லை. சொற்களைப் பிரித்தாளும் செப்பம் உண்டு.) மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில் வெகுளி ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு: உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொல்லுதல். நான்கும் பிறர் நமக்கிழைக்கும் தீங்குகள். ஆகவே வெகுளி என்பது தீங்குற்றவனின் எதிர்வினை. போர்வீரனின் தறுகண்மையை ஆசிரியர் இதனுள் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. அதனைப் பெருமிதத்துள், கல்வி, புகழ், கொடை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தார். கற்றவன் நிமிர்வதும் கொடுத்தவன் நிமிர்வதும் களத்தில் அஞ்சாது நின்றவன் நிமிர்வதும் அவர்க்கு ஓரினம். கன்னஞ் சிவந்து கைநீட்டுபவன் வேறினம்.

புறப்பாடல்களிற் சினமே இல்லை என்பதன்று. இளையன் என்று பகைவர் இகழ்ந்தமை பொறாது பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினங் கூறினான். அது தூய வெகுளி. ஆனால் இகழப்பட்டவன் ஒருவன். தலையாலங்கானத்தில் மாண்டவர் பலர். ஒருவனது வெகுளி பல்லாயிரவரின் கால்களை எவ்வாறு நடத்திற்று என்பதே போரின் வினா. லோரன்சின் கொதிகலம் அதற்கு விடை தராது.

நம் துறைமுகமும் அவ்வினாவையே எழுப்புகின்றது. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் இதனை ஒல்லாந்தரிடமிருந்து கவர்ந்தனர். அதே ஆண்டு ஆகத்தில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து கவர்ந்தான். 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இதன்மேற் குண்டு பொழிந்தன. வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே யாரும் யாருடைய உறுப்பையும் முன்னர் அறுத்திலர். ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதுமில்லை.

கூர்ப்பாளருள் இப்பிரிப்பை உணர்ந்து எழுதியவர் றிச்சாட் றாங்கம். 2019இல் வெளிவந்த அவர் நூல் இத்துறையில் யான் படித்தவற்றுட் சிறந்தது. சீண்டப்பட்டுத் தாக்குதல் வேறு, கருதித் திட்டமிட்டுத் தாக்குதல் வேறு என்று அவர் பிரிக்கின்றார். முன்னதில் மனிதன் சிம்பன்சியைவிடப் பன்மடங்கு அடங்கியவன். பின்னதில் எவ்விலங்குக்கும் சளைத்தவனல்லன். 1974 முதல் 1978 வரை தன்சானியாவின் கொம்பேக் காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டத்தின் ஆண்கள் பிரிந்து சென்ற மற்றக் கூட்டத்தின் ஆண்களைத் தனித்தனியே வளைத்துக் கொன்றதை ஜேன் குடால் குழுவினர் பதிந்தனர். திட்டமிட்ட தாக்குதலுக்கு அதுவே அவர் காட்டும் முன்னோடிகளுள் ஒன்று. பலர் ஒருவனைச் சூழும்போது தாக்குவோர்க்கு இடர் குறைவு. அந்தக் கணக்கே கொலையைத் தூண்டும் என்பது அவர் வாதம். இதனை எளிதில் மறுக்கலாகாது. 1986இல் அறிஞர் இருபதின்மர் செவில் நகரில் கூடி, போர் நம் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளது என்பது அறிவியலுக்கு ஒவ்வாதது என அறிக்கை விடுத்தனர். நோக்கம் நன்று. ஆயின் கையொப்பங்களால் ஓர் ஆய்வு முடிவு பெறுவதில்லை. றாங்கமை மறுக்க விரும்புவோர் அவர் கூறியவற்றையே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

எனக்குத் தோன்றும் குறை இது. திட்டமிடும் ஆற்றல் கூர்ப்பின் கொடை என்பது உண்மையே. அவ்வாற்றலாற் குளம் கட்டினோம், தோணி செய்தோம், கால அட்டவணை போட்டுப் பாடசாலை நடத்துகின்றோம். அதே ஆற்றலாற் கொலையும் செய்கின்றோம் என்று கூறுவது, கத்தியிருப்பதாற் கொலை நிகழ்ந்தது என்பதற்கு மேல் அதிகம் கூறுவதாகாது. மேலும், போர் நமக்கு அத்துணை இயல்பாயின், அதற்காக மனிதனை ஆயத்தஞ் செய்ய இத்துணை உழைப்பு எதற்கு? பறை அறைதல் வேண்டும். வெட்சியும் வஞ்சியும் தும்பையும் சூட்டுதல் வேண்டும். கள் வார்த்தல் வேண்டும். வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிப் பாடல் வேண்டும். உண்ணுதற்கும் உறங்குதற்கும் எவரும் பறை அறைவதில்லை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை எண்ணுக. முன்னாளிற் தந்தையையும் பின்னாளிற் கணவனையும் களத்தில் இழந்தவள், பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் பூசி வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். உறவினரைக் காத்தலே உயிர்களின் உட்கணக்கு என்று 1964இல் ஹமில்ட்டன் நிறுவிய கோட்பாட்டின்படி அவள் அவனைக் கதவுக்குப் பின்னே ஒளித்திருத்தல் வேண்டும். அவளுடைய துணிவைக் கண்டு புலவரே திடுக்கிடுகின்றார். அத்திடுக்கீட்டை நம் உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளரும் மறைத்து, வெறும் புகழ்ச்சியாக்கிவிட்டனர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன்.

யாழ்ப்பாணத்திற் பிறந்து ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய மானிடவியலறிஞர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையாவை ஈண்டு கூறாதுவிடின் இக்கட்டுரை குறையுடையதாகும். 1983 ஜூலைக் கொலைகளின் பின்னர் அவர் 1986இல் ஒரு நூலும், தென்னாசியக் கலவரங்களை ஒப்பிட்டு 1996இல் மற்றொரு நூலும் எழுதினார். கொழும்பில் அன்று வீடுகளைத் தேடி வந்தோர் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எவ்வீடு தமிழருடையது, எக்கடை எவருடைய பெயரில் உள்ளது என்று பார்த்துப் பார்த்து எரித்தனர். 1984இல் தில்லியிற் சீக்கியரைத் தேடிச் சென்றோரும் அவ்வாறே பட்டியலோடு சென்றனர். வெகுளி பட்டியல் வாசிக்காது. பட்டியலைத் தட்டெழுதியவர், பாதுகாத்தவர், எடுத்துக் கொடுத்தவர், ஊர்தி அனுப்பியவர், பார்த்தும் பாராதிருந்தவர் எனப் பலர் அதன் பின்னே நிற்கின்றனர். கும்பலிற் புகுந்த ஓர் இளைஞனின் நாடி துடித்ததற்குக் கூர்ப்பு விளக்கம் தரும். இடாப்பு அவன் கைக்கு வந்த வழியைத் தராது.

இதனை நமக்குத் தீங்கு நேர்ந்த இடத்தில் மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவர்க்கு இரண்டு மணி நேரமே தரப்பட்டது. ஒலிபெருக்கி வாயிலாகக் கட்டளை வந்தது. எதை எடுத்துச் செல்லலாம் என்பதற்கு அளவு வகுக்கப்பட்டது. வழியிற் சோதனை நிகழ்ந்தது. சினங்கொண்டவன் கைக்கடிகாரம் பார்த்து இரண்டு மணி நேரம் தருவதில்லை. அயலவர் பலர் அழுதனர் என்றும் அறிகின்றோம். அவ்வழுகையும் இரத்தத்திலிருந்தே வந்திருக்கும். ஆயின் அதற்கு ஒலிபெருக்கி இருக்கவில்லை.

வகுப்பில் அம்மாணாக்கனுக்கு இவற்றுள் எதனையும் யான் அன்று கூறவில்லை. கூறுதற்கு ஆயத்தமாகவும் இருக்கவில்லை. 46ஆம் பாட்டை மட்டும் எழுதிக் கொடுத்து, அம்மன்றில் நின்றோர் யார் யார், ஒவ்வொருவரும் என்ன செய்திருக்கலாம் என்று எழுதிவரச் சொன்னேன். வேந்தன், புலவர், பிள்ளைகள், சுற்றி நின்று பார்த்தோர் என நால்வகையினரை அவன் எழுதிவந்தான். கொப்பியைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான். என்னவென்று கேட்டேன்.

"சேர், யானைக்குப் பாகன் ஒருத்தன் இருந்திருப்பான்தானே? அவனைப் பற்றிப் பாட்டில ஒண்டும் இல்லையே."

இல்லை. மீண்டும் பார்த்தேன், உரையிலும் இல்லை.